உள்ளங்காலில் கரிப்பொட்டு

நம் தோட்டத்துப் பிள்ளைகள் குழுவில் போன மாதம் யாரோ அந்தப் படத்தின் ஒரு துண்டைப் போட்டிருந்தீர்கள். முகமூடிக்காரன் கையில் அரிவாளோடு ஏரிக்கரையில் ஒரு பெண்ணைத் துரத்துகிற இடம். கைப்பேசி நிறையச் சிரிப்பு முகங்கள். "டேய், இது நம்ம ஆயா படம்லா!" என்று ஒருவர். "கதை சொன்ன டிவி அக்கா எங்க? இருக்காங்களா, போய்ட்டாங்களா?" என்று இன்னொருவர். நானும் ஒரு சிரிப்பு முகத்தை அனுப்பிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். குழம்பு அடிப்பிடித்திருந்தது. அனுப்பியதை அழித்துவிடலாம் என்று திரும்பி வந்தபோது நீங்கள் எல்லோரும் அதைப் பார்த்தாயிற்று.

வருகிற ஒன்றுகூடலில் நான் மேடையேறி அந்தக் கதையைப் பழைய மாதிரியே சொல்ல வேண்டுமாம். சாப்பாட்டுக்கு முன்னால் வைத்தால் கலகலப்பாக இருக்குமாம். என்னால் முடியாது. முடியாது என்று ஒரு வரியில் சொன்னால் அக்காவுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்பீர்கள். அதனால் நீளமாகவே எழுதுகிறேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நம்மில் யாருக்கும் இப்போது இளங்கண் இல்லை.

ஆயாக் கொட்டகை என்று ஒருநாள் என் மகளிடம் சொன்னேன். "டாஸ்காவாம்மா?" என்று கேட்டாள். பிள்ளை பார்க்கும் அதே வேலைதான், ஆனால் டாஸ்காவில் சுவர் முழுக்க மீனும் முயலும் ஒட்டியிருக்கும். நம் கொட்டகையில் சுவரே பாதிதான், மீதி கம்பி வலை. குறுக்கே ஓடிய உத்திரத்தில் வரிசையாகச் சாரோங் தொட்டில்கள். விடிவதற்கு முன்னால் அம்மாக்கள் பிள்ளையைக் கொண்டுவந்து தொட்டிலில் போட்டு, பால் புட்டியை மேசையில் வைத்துவிட்டு, பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடுவார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடித்து, உச்சி வெயிலில் சட்டையெல்லாம் ரப்பர் பால் நாற்றத்தோடு வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். இடைப்பட்ட நேரத்தில் அத்தனை பிள்ளைக்கும் ஒருத்திதான் ஆயா.

அந்த வாசனை உங்களுக்கு நினைவிருக்கிறதா? புளித்த பால், முகப்பவுடர், ஈரச் சாக்கு, விறகுப்புகை. எல்லாம் கலந்து, உள்ளே நுழைந்தவுடன் தூக்கம் வரும். மூலையில் அடுப்பு, அதன்மேல் எப்போதும் ஒரு கெட்டில். அதன் அடியில் கரி தோசைக்கல் கனத்துக்கு ஏறியிருக்கும். "ஏ ஆயா, அதக் கொஞ்சம் மண்ணு போட்டு வெளக்கக் கூடாதா?" என்று, நம் அப்பா அம்மாவை வேலை வாங்கின மண்டோரின் பெண்டாட்டி ஒருமுறை கேட்டதற்கு, "வெளக்கிட்டா அப்புறம் நான் என்னா பண்றது?" என்றார் ஆயா. இது என்ன பதில் என்று எல்லோரும் சிரித்தார்கள். அர்த்தம் கேட்கவில்லை.

ஆயாவுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வெற்றிலைக் கறை ஏறிய பல், கட்டைக் குரல், ஆம்பளை நடை. "எரும, வாயத் தொற" என்று திட்டிக்கொண்டேதான் ஊட்டுவார். உங்களில் பாதிப் பேருக்குக் கால் கழுவி விட்டவர் அவர்தான். நமக்கு அவர் கிழவியாகத் தெரிந்தார். இப்போது கணக்குப் பார்த்தால் அன்றைக்கு நாற்பதை ஒட்டித்தான் இருந்திருப்பார், இன்றைய நம்மைவிடச் சின்னவர். பெயர் என்ன என்று நம்மில் ஒருவருக்கும் தெரியாது.

இன்னொன்றும் உங்களுக்கு நினைவிருக்க வேண்டும். மதியம் பிள்ளையைத் தூக்கி வந்து குளிப்பாட்டும்போது அதன் உள்ளங்காலில் ஒரு கரிப்பொட்டு இருக்கும். சில நாள் இரண்டு. ஆயா திருஷ்டிக்கு வைக்கிறார் என்று நம் அம்மாக்கள் நினைத்துக்கொண்டார்கள். ஊரெல்லாம் கன்னத்தில் வைக்கிறதை இவர் ஏன் காலடியில் வைக்கிறார் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. பிள்ளை நன்றாக இருந்தால் சரி.

இனி படத்துக்கு வருகிறேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் பகாவ் டவுனிலிருந்து டிவியும் வீடியோ டெக்கும் வேனில் வரும். தோட்டத்து மண்டபத்தின் ஜன்னல்களுக்குச் சாக்கு கட்டி இருட்டாக்குவார்கள். பொம்பளைகளுக்குப் பாய், ஆம்பளைகளுக்குப் பின்னால் பெஞ்சு, ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் குடும்பத்துக்கு மட்டும் நாற்காலி. அன்றைக்கு ஒரு சமூகப் படம், ஒரு சாமிப் படம் என்று பேச்சு. சாமிப் படத்துக்காகச் சில பாட்டிகள் தலைக்குக் குளித்து விபூதி பூசி வந்து முன்வரிசையில் கை கூப்பி உட்கார்ந்திருந்தார்கள். உறையில் அம்மன் படம்தான் இருந்தது. உள்ளே கடைக்காரன் மாற்றி வைத்துவிட்டான். பாட்டிகள் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே திரையில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி ரத்தம் சொட்டச் சொட்ட ஓடி வந்தாள்.

திரும்பப் பகாவுக்குப் போய் மாற்றிவர யாருக்கும் மனசு வரவில்லை. ஓடுகிறது ஓடட்டும் என்று விட்டுவிட்டார்கள். கிராணி மகள் என் வகுப்புதான், அவள் என் காதைக் கடித்தாள். "ஏய், இந்தப் புக்க நான் படிச்சிட்டேன்லா." சிரம்பானில் அவள் மாமா வீட்டில் நம் வயதுப் பிள்ளைகளுக்கென்றே எழுதின பேய்ப் புத்தகங்கள் அடுக்கி வைத்திருப்பார்களாம், அட்டையில் எழுத்தெல்லாம் ரத்தம் ஒழுகுகிற மாதிரி. அதில் ஒன்றைத்தான் படமாக எடுத்திருந்தார்கள். முடிவை மட்டும் சொல்ல மறுத்தாள். சொன்னால் சுவாரசியம் போய்விடுமாம்.

பேச்சு இங்கிலீஷ், கீழே ஓடிய எழுத்து மலாய். பாயில் இருந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். "யே பாப்பா, நீதான் பெரிய ஸ்கூல்ல படிக்கிறியே, என்னா எழுதிருக்கான்னு படிச்சிச் சொல்லேன்" என்று ஒரு அத்தை என் முதுகில் தட்டினாள். எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றேன். முதல் இரண்டு வரியை முணுமுணுத்தேன். "சத்தமா!" என்றார்கள். அப்புறம் என்னைப் பிடிக்க முடியவில்லை. மலாயில் 'போய்விடு' என்று இருந்தால் நான் "போடி நாசமாப் போறவளே" என்றேன். மண்டபம் சிரித்தது, பயந்தது, என் வாயைப் பார்த்தது. மண்டோர்கூடச் சுருட்டை அணைத்துவிட்டுக் கேட்டார். பாயில் என் அம்மா முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

கதை இதுதான். ஏரிக்கரையில் ஒரு குளிர் ஊர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு கூட்டம். ஏரிக்கு அந்தப் பக்கம் தனியாக ஒரு கிழவி, பச்சிலை அரைப்பாள், ஊருக்கு அவள் சூனியக்காரி. பிள்ளைகள் விளையாட்டுக்கு அவள் ஜன்னலில் கல்லெறிகிறார்கள். அதன்பிறகு ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் சாம்பலால் ஒரு கோடு விழுகிறது. கோடு விழுந்த வீட்டுப் பிள்ளையை முகமூடி போட்ட ஒருவன் அரிவாளால் வெட்டிவிடுகிறான். ரத்தம் தெறிக்க ஆரம்பித்ததும் கிராணி எழுந்து, மகளின் கையைப் பிடித்துத் தரதரவென்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மற்றவர்கள் ஒருவரும் அசையவில்லை. "பின்னால பாருடி, பின்னால பாரு!" என்று திரைக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முகமூடியைக் கழற்றப் போகிற நேரத்தில் டெக் நாடாவைத் தின்றுவிட்டது. வேன்காரன் மூடியைத் திறந்து இழுத்தபோது நாடா இடியாப்பமாகத்தான் வந்தது.

அந்த ஏமாற்றம் உங்களுக்கு மறந்திருக்காது. "அப்ப வெட்டுனது யாரு? கெழவிதான?" என்று கேட்டார்கள். "பாப்பாவுக்குத் தெரியும். கிராணி பொண்ணு சொல்லிருக்கும்லா." எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அன்று முழுக்க நான் சொன்னதைக் கேட்டவர்கள் முன்னால் அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

"கெழவிதான்" என்றேன். "அவ குடிசைக்குள்ள வரிசையா தொட்டில் கட்டி வெச்சிருக்கா. புள்ளைங்க காலுக்கு அடியில கரியால பொட்டு வெப்பா. ஒரு பொட்டு வெச்சா சீக்கு. ரெண்டு பொட்டு வெச்சா சாவு."

சத்தியமாகச் சொல்கிறேன், ஆயாவை நினைத்துச் சொல்லவில்லை. குடிசை என்றதும் எனக்குத் தெரிந்த ஒரே இடம் கண்ணில் வந்தது, தொட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குட்டிக் கால்கள் வந்தன. அவ்வளவுதான். மண்டபம் குபீரென்று சிரித்தது. கடைசியில் சுவரோரமாக, கைக்குழந்தையாக இருந்த என் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு ஆயாவும் இருந்தார். அவர்தான் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தார். "அடிப்பாவி மவளே, என்னமா சொல்றா பாரேன்" என்றார்.

மறுநாள் பள்ளி பஸ்ஸில் கிராணி மகள் என்னைப் பிடித்தாள். "என்னா நீ, கதைய மாத்திச் சொன்னியாம்? அந்தக் கெழவி நல்லவதான்லா. கதவுல கோடு போட்டது காவலுக்கு. வெட்டுனது ஓட்டம் சொல்லிக் குடுக்குற வாத்தியாரு." கடைசிப் பக்கம் வரைக்கும் சொல்லி முடித்தாள். என் முகம் சூடானது. "யார்கிட்டயும் சொல்லிடாத" என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவள் நல்லவள், சொல்லவில்லை. இப்போது இதைப் படிக்கிறாள், அவளுக்குத் தெரியும்.

அந்த வாரம் விடாத மழை. மண்டோர் பேரனுக்குக் காய்ச்சல் கண்டு ஜன்னி வந்தது. கண் மேலே சொருகிக்கொண்டு, கையும் காலும் வெட்டி இழுத்தன. தோட்டத்து வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். காதில் சீழ், அதனால் வந்த காய்ச்சல் என்றார்கள், பிள்ளை சில நாளில் பிழைத்து வந்துவிட்டது. ஆனால் வண்டியில் ஏற்றும்போது அதன் காலைப் பிடித்திருந்தவள், உள்ளங்காலில் இரண்டு பொட்டு இருந்ததைப் பார்த்திருக்கிறாள். பிள்ளை ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் அந்தச் சேதி லயத்து வீடுகள் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் விடியலில் தம்பியைக் கொட்டகைக்குக் கொண்டுபோகாத முதல் ஆள் என் அம்மா. அம்மா புத்தியில்லாதவள் இல்லை. பேய் பிசாசு என்றால் சிரிக்கிறவள். "கதைதான்னு தெரியுது, ஆனா மனசு கேக்கலயே" என்று யாரிடமோ சொன்னாள். அம்மாவைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு. வெயில் ஏறும்போது கொட்டகையில் தொட்டில்கள் எல்லாம் காலி. நடுவில் ஆயா ஒற்றையாக உட்கார்ந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நாளில் சீக்கு வந்துவிட்டதோ என்று பயந்துபோய், போகிற வருகிறவர்களிடம் விசாரித்துக்கொண்டிருந்தாராம்.

மத்தியானம் மண்டோர் வந்தார், பின்னாலேயே பொம்பளைகள். நாம் கம்பி வலையில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றோம். யாரும் நான் இல்லை என்று சொல்லாதீர்கள், அந்த வலைக்கு வெளியே இடமே இல்லை.

"நீதான புள்ள கால்ல பொட்டு வெச்ச?"

"ஆமாங்க, நாந்தான்" என்றார் ஆயா, ஏதோ பாராட்ட வந்திருக்கிறார்கள் என்கிற மாதிரி எழுந்து நின்று.

"ரெண்டு பொட்டு?"

"ரெண்டுதாங்க. ரெண்டு வாட்டி…"

அதற்குமேல் பேச விடவில்லை. "ஒத்துக்கிட்டா, ஒத்துக்கிட்டா!" என்று ஒரே கூச்சல். "பெத்தவளா இருந்தா இப்படிச் செய்வாளா" என்றாள் ஒருத்தி. அப்போதுதான் வலைக்கு வெளியே நம்மில் ஒருவர் "சூனியக்காரி!" என்று கத்தியது. யார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், பெயரைச் சொல்லப்போவதில்லை. அடுத்து எல்லோரும். பள்ளி விளையாட்டுப் போட்டியில் சிவப்பு வீட்டு அணிக்குக் கத்துவோமே, அதே தாளத்தில் கை தட்டிக் கத்தினோம். நான் கத்தவில்லை என்று வெகு காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். என் வாயும் அசைந்தது.

ஆயாவுக்கு நடப்பது புரியவே இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தவர் கண்ணில் நான் பட்டேன். "பாப்பா, நீ படிச்ச புள்ள. நீ சொன்னா கேப்பாங்க. நீ சொல்லு இவங்களுக்கு" என்றார். நான் சொன்னால் கேட்டிருப்பார்கள். அதுதான் வேதனை. 'அந்தப் பொட்டு நான் கட்டின கதை, புத்தகத்தில் அப்படி இல்லை' என்று சொன்னால் போதும். நான் கெட்டிலைப் பார்த்தேன். அதன் மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மானேஜர் மண்டோர் பேச்சைத் தாண்டமாட்டார், ஆயாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். வேலை போனால் தோட்டத்து வீடும் போகும், தெரிந்ததுதானே. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், ஒரு மூட்டை. லாரியில் பின்பக்கம் ஏறி, நம் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு போனார். ஆயா வேலைக்கு மண்டோரின் கொழுந்தியா வருகிறாள் என்று பேச்சு வந்தது. தன் தங்கைக்கு அந்த வேலையைக் கேட்டு மண்டோர் பெண்டாட்டி வெகு நாளாக அனத்திக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் நமக்குத் தெரிந்தது. உடனே நீங்கள் சொல்வீர்கள், "பாத்தீங்களாக்கா, பெரியவங்க போட்ட திட்டம், நாம சின்னப் புள்ளைங்க." இருக்கலாம். பழியை மண்டோர் தலையில் போட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதையை அவர் கையில் கொடுத்தது யார்?

கொழுந்தியா உடனே வந்து சேரவில்லை. வேறு வழியில்லாமல் வீட்டிலிருந்த பெரிய பெண்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் நிறுத்தினார்கள். எங்கள் வீட்டில் தம்பியோடு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் என்னிடம் விட்டுப் போனார்கள். முதல் நாள் காலையிலேயே எனக்குத் தலை சுற்றியது. ஒன்று அழுதால் எல்லாம் அழுதன. எதற்குப் பால் கொடுத்தேன், எதற்குக் கொடுக்கவில்லை என்றே தெரியவில்லை. எல்லாப் புட்டியும் ஒரே மாதிரி, எல்லா வாயும் ஒரே மாதிரி. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மறுபடி மறுபடி ஊட்டி, அது என் மேலேயே கக்கியது. தம்பிக்கு ஒன்றும் கொடுக்காமல் அவன் தொண்டை கட்டிப்போகும்வரை அழவிட்டிருக்கிறேன்.

மறுநாள் தானாக ஒரு வழி தோன்றியது. எங்கள் வீட்டுக் கெட்டில் அடியில் விரலைத் தேய்த்து, பால் குடித்த பிள்ளையின் காலடியில் ஒரு பொட்டு வைத்தேன். கன்னத்தில் வைத்தால் கண்ணைத் தேய்க்கும்போது அழிந்துவிடும், கையில் வைத்தால் வாய்க்குப் போகும். காலடிதான் தொட்டிலுக்கு வெளியே நிற்கும், நடந்துகொண்டே பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது தடவை குடித்தால் இரண்டாவது பொட்டு. நல்ல யோசனை என்று என்னையே மெச்சிக்கொண்டேன். மடச்சி, அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மத்தியானம் அம்மா வந்தாள். தம்பியைத் தூக்கினாள். கால் அவள் கண்ணுக்கு நேரே வந்தது. அவள் முகம் வெளுத்துப்போனது.

"யாரு வெச்சா?"

"நாந்தாம்மா. பால் குடிச்சதுக்கு ஒரு பொட்டு. இல்லனா மறந்துடுது. ரெண்டு வாட்டி குடிச்சா…"

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்குக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டது. தம்பியின் காலைக் கையில் பிடித்தபடி அப்படியே சிமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே மற்ற பொம்பளைகள் பேசிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. அம்மா சடக்கென்று எழுந்தாள். முந்தானையில் எச்சிலைத் தொட்டு, எல்லாப் பிள்ளைகளின் காலையும் அழுத்தித் துடைத்தாள். "யார்கிட்டயும் சொல்லிடாத" என்றாள். நான் கிராணி மகளிடம் சொன்ன அதே வார்த்தை.

அப்போதுகூடக் காலம் கடந்துவிடவில்லை. ஆயா போய் ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ஆனால் அம்மாவுக்குப் பால் வெட்ட எந்த மரம், எந்த மேடு என்று தீர்மானிக்கிறவர் மண்டோர். அம்மா பயந்தாள். நான் அம்மாவைக் காரணம் காட்டிச் சும்மா இருந்தேன். அந்த வருஷம் பரீட்சையில் நான் கோட்டைவிட்டேன், பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அதை எனக்குக் கிடைத்த தண்டனை என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி ஆகிவிடும்.

கெட்டில் காணாமல்போனது நினைவிருக்கிறதா? கொழுந்தியா வந்து பார்த்தபோது அடுப்பு மட்டும்தான் இருந்தது. சூனியக்காரி ஆவியை அனுப்பி எடுத்துக்கொண்டாள் என்று லயத்தில் ஒரே பேச்சு. கொழுந்தியா பயந்து, வாசலில் எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிட்டாள். நாம் அதையும் நம்பினோம்.

ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனைக் கன்று நட்டார்கள், நாம் திசைக்கொருவராகப் போனோம். நாங்கள் சிரம்பானுக்கு வந்தோம். தோட்டத்தில் இருந்தபோதே தொடங்கி, அம்மா ஒவ்வொரு வருஷமும் தீபாவளிக்கு முந்தின வாரம், ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிடுவாள். துணைக்கு வருகிறேன் என்றால் வேண்டாம் என்பாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் முறுக்கு டப்பாவை எதற்கு எடுத்துக்கொண்டு போகிறாள் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

இந்த வருஷம் அம்மாவுக்கு முட்டி சுத்தமாக ஒத்துழைக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து டப்பாவைத் துணியில் கட்டிக்கொண்டே, "நீ கொண்டு போய்க் குடுத்துட்டு வா" என்றாள்.

"யாருக்கும்மா?"

"ஆயாவுக்கு. லாபுல இருக்கா, அக்கா மகன் வீட்டுல."

அம்மா டப்பாவின் முடிச்சையே பார்த்துக்கொண்டு பேசினாள். "லாரிக்காரன்கிட்ட எடம் கேட்டு மொத வருஷம் போனப்ப, கொட்டகையிலேருந்து எடுத்து ஒளிச்சி வெச்சிருந்த கெட்டில எடுத்துட்டுப் போனேன். அவ பொருளு. வேற என்னாத்த எடுத்துட்டுப் போறது?" என்றாள். தோட்டத்தில் ஆயாவுக்காக ஒரு நியாயம் பேசவில்லையே தவிர, இத்தனை வருஷமும் அந்த வாசலுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். செய்தது நான். சுமந்தது அம்மா.

சிரம்பானிலிருந்து லாபு ரயிலில் ஒன்றும் பெரிய தூரம் இல்லை. அதைத்தான் நான் சொல்ல வருகிறேன். நம்மில் எத்தனை பேர் அந்த ஸ்டேஷனைத் தாண்டி கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய் வந்திருக்கிறோம்.

கதவைத் திறந்தவர் என்னைவிடக் குட்டையாக இருந்தார். அந்த ஆம்பளை நடை இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டிவி பொண்ணா? ஒங்கம்மா வரலியா?" என்றார். குரல் மட்டும் அதே கட்டைக் குரல். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். அந்தக் கெட்டில் காஸ் அடுப்பின்மேல் இருந்தது. என்னால் நம்ப முடியவில்லை, அடி முதல் மூடி வரை பளபளவென்று விளக்கி வைத்திருந்தார். நான் அதையே பார்ப்பதைக் கண்டு, "இனிமே கரிக்கு என்னா வேல?" என்றார்.

லாபு பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளை பார்க்கும் வேலை கேட்டாராம். "சேதி எனக்கு முன்னாடியே வந்து சேந்துருச்சி" என்றார். அப்புறம் ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கும் தட்டும் கழுவியிருக்கிறார், கை மரத்துப்போகும்வரை. அக்கா மகனுக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட அவன் பெண்டாட்டியைப் பெற்றவள் வந்து, இவர் கையில் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். இதை அவர் அழுகையோடு சொல்லவில்லை. முறுக்கை உடைத்து டீயில் நனைத்துக்கொண்டே சொன்னார். தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனையையும் தூக்கின கை, அன்றைக்குப் பிறகு ஒரு பிள்ளையைத் தூக்கவே இல்லை.

உங்கள் ஒவ்வொருவரையும் கேட்டார். பால் கக்குகிறவன், விரல் சூப்புகிறவள், தொட்டிலை ஆட்டாவிட்டால் தூங்காத இரட்டைப் பிள்ளைகள் என்று அடையாளம் சொல்லிச் சொல்லிக் கேட்டார். எல்லோரும் சௌக்கியம் என்றேன். கைப்பேசியில் உங்கள் குடும்பப் படங்களைக் காட்டினேன். அந்தக் குழுவை மட்டும் திறக்கவில்லை.

கடைசியில் தைரியத்தைக் கூட்டி, "ஆயா, அன்னிக்கு நான்…" என்று ஆரம்பித்தேன்.

"அது கெடக்கட்டும்" என்றார். "அந்தப் படம் நடுவுல நின்னுபோச்சே, கடைசியில என்னா ஆச்சி? நீ சொன்னது அந்தக் கதையில்லனு எனக்கு அப்பவே தெரியும். சொல்றப்ப ஒன் கண்ணு மேல பாத்துச்சி. பொய் சொல்ற புள்ளைங்க எல்லாம் அப்டித்தான் பாக்கும்."

சொன்னேன். அந்தக் கிழவி நல்லவள், கோடு போட்டது காவலுக்கு, வெட்டினது வாத்தியார் என்று சொன்னேன். கிராணி மகள் பஸ்ஸில் சொன்ன கடைசிப் பக்கத்தையும் சொன்னேன். "ஒரே ஒரு பொண்ணு மட்டும் தப்பிச்சி, ஏரியச் சுத்தி நடந்து போயி அந்தக் கெழவி வீட்டுக் கதவத் தட்டும், ஆயா. அதோட முடிஞ்சிரும்."

"தொறந்தாளா?"

"அது எழுதல."

"தொறந்திருப்பா" என்றார் ஆயா. "புள்ள வாசல்ல வந்து நிக்கிறப்ப தொறக்காம என்னா பண்ணுவா?" டீயைக் கொஞ்சம் குடித்துவிட்டு, எனக்குப் பின்னால் திறந்திருந்த கதவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "ஆமா, ஒண்ணு மட்டுந்தான் வந்துச்சா? கல்லெறியறப்ப நெறய பேரு இருந்தாங்களே. மத்ததுங்க எங்க?"

"மத்தவங்க எல்லாரும் செத்துட்டாங்க, ஆயா."

"அட பாவமே" என்றார். "அதான் வரல."

நீங்கள் எல்லோரும் உயிரோடுதானே இருக்கிறீர்கள்?